உறைமோரும் இன்சுலினும்: வாசகர் கேள்வி – பதில்

பள்ளிப் பிள்ளைகளை அறிவியல் அருங்காட்சியகங்களுக்கு அழைத்துச் செல்வது குறித்துச் சென்ற இதழில் எழுதிய கட்டுரையில், உயிரித் தொழில்நுட்பக் கூடங்களைப் பற்றி இரண்டு வரிகள் மட்டுமே குறிப்பிட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த இரண்டு வரிகளைப் பற்றியே கேட்டிருந்தன. ஓர் அறிவியல் மையத்தில் பல ஆண்டுகள் விளக்குநராகப் பணியாற்றியவன் என்ற முறையில், என் கையால் செய்து பார்த்தவற்றைக் கொண்டே பெரும்பாலும் விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எட்டாம் வகுப்பு மாணவர்கள் நாற்பது பேரை ஓர் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். கோணல் கண்ணாடியின் முன்னாலிருந்தும், மிதித்தால் விளக்கெரியும் சைக்கிளின் முன்னாலிருந்தும் அவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வரவேண்டியிருந்தது. உயிரித் தொழில்நுட்பக் கூடத்தையோ இரண்டே நிமிடத்தில் கடந்து வாசலில் போய் நின்றார்கள். பாடம் கடினமானது என்பதாலா, பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்பதாலா?
— ஓர் அறிவியல் ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

பதில்: இரண்டும் காரணம் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். சைக்கிளை மிதிக்கும் பிள்ளைக்குத் தன் கால் செய்த வேலைக்கான பதில் அந்த நொடியே வெளிச்சமாகக் கிடைத்துவிடுகிறது. உயிரித் தொழில்நுட்பத்தில் அப்படி உடனடியாகப் பதில் கிடைப்பது அரிது. அது கையாளும் பொருள் கண்ணுக்குத் தெரியாதது, அதில் நடக்கும் வேலையோ மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் நடப்பது. உயிர்களின் மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. இழையின் தடிமன் ஏறக்குறைய 2 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே அத்தகைய இழைகளைப் பக்கத்தில் பக்கமாக அடுக்கினால் முப்பதாயிரத்துக்கும் மேல் அடங்கும். இவ்வளவு சிறியதை எப்படிக் காட்டுவது என்று வழி தெரியாத கூடங்கள், சுவர் முழுக்கப் பலகைகளையும் நடுவே ஒரு மாதிரியையும் வைத்துவிட்டு அதோடு நின்றுவிடுகின்றன.

நான் பணியாற்றிய கூடத்தின் நடுவிலும் ஆளுயரத்துக்கு டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் மாதிரி ஒன்று நின்றது. பொத்தானை அழுத்தினால் நான்கு நிறக் குண்டுகளும் ஒளிவிட்டுச் சுழலும். ஒரு நாள் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அதை ஒருமுறை சுற்றி வந்து, "இது எனக்குள்ள எங்க சார் இருக்கு?" என்று கேட்டாள். உடம்பின் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் இருக்கிறது என்று பாடநூல் விடையைச் சொன்னேன். அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், பிறகு அந்த மாதிரியை அண்ணாந்து பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். நியாயமான கேள்விக்கு அவளுக்குப் பயன்படாத ஒரு விடையைக் கொடுத்து அனுப்பிவிட்டோமே என்ற உறுத்தல் எனக்கு நெடுநாள் இருந்தது. அந்த மாதத்துக்குள் மாதிரியின் பக்கத்தில் ஒரு மேசையைப் போட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்தோம்.

அந்த மேசையில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இதை நீங்கள் வகுப்பறையிலேயே செய்துவிடலாம். நன்றாகக் கனிந்த பழத்தில் பாதியைக் கெட்டியான பாலித்தீன் பையிலிட்டு, அரை டம்ளர் தண்ணீர், இரண்டு சிட்டிகை உப்பு, பாத்திரம் துலக்கும் திரவத்தில் ஒரு தேக்கரண்டி ஆகியவற்றைச் சேர்த்து, பையின் வாயை இறுகக் கட்டிப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட வேண்டும். நுரை எழும்பாதபடி ஐந்து நிமிடம் நிதானமாகப் பிசைந்த கூழை மெல்லிய வெள்ளைத் துணியில் வடிகட்டி, அந்த வடிநீரைக் கண்ணாடிக் குழாயில் கால் பங்கு ஊற்றிக்கொள்ள வேண்டும். பிறகு குழாயைச் சாய்த்துப் பிடித்து, முன்பே குளிரவைத்த ஆல்கஹாலை அதன் உட்சுவர் வழியே மெல்ல வழியவிட வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டே போதும். அது எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால் ஊற்றும் வேலையை ஆசிரியரே செய்ய வேண்டும், அருகில் நெருப்பு இருக்கக்கூடாது. ஆல்கஹால் மேலே தெளிவாக நிற்கும், பழநீர் அடியில் கலங்கலாக நிற்கும். இரண்டும் சந்திக்கும் விளிம்பில் முதலில் சிறு குமிழிகள் தோன்றும், அடுத்துப் பால் திரிந்தாற்போல் ஒரு வெண்மை படரும், பிறகு சளியைப் போன்ற ஒரு திரள் நூல் நூலாக மேலே ஏறும். குச்சியை அதில் விட்டுச் சுற்றினால் அது குச்சியோடு ஒட்டிக்கொண்டு நீண்டுகொண்டே வரும். அந்த நேரத்தில் மேசையை விட்டு ஒரு பிள்ளைகூட நகர்ந்து நான் பார்த்ததில்லை.

ஏன், எப்படி என்ற பேச்சை அதற்குப் பிறகே தொடங்குவோம். எண்ணெய்ப் பிசுக்குள்ள தட்டு சோப்புப் போட்டால் ஏன் சுத்தமாகிறது என்று கேட்டால் பிள்ளைகளே விடை சொல்வார்கள். செல்லைச் சுற்றியுள்ள சவ்வும் கொழுப்பால் ஆனது என்ற ஒரு செய்தியை மட்டும் நாம் சேர்த்தால், பையினுள் சோப்பு என்ன செய்தது என்பதை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். டி.என்.ஏ. இழைகள் எதிர் மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டிருக்கும்; உப்பிலுள்ள சோடியம் இடையில் புகுந்து அவற்றை நெருங்கவிடுகிறது. தண்ணீரில் கரைந்திருந்த அந்த இழைகள் ஆல்கஹாலில் கரைய முடியாமல் திரண்டு வெளியே வந்துவிடுகின்றன.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். குச்சியில் சுற்றியிருப்பது எண்ணற்ற இழைகளின் திரள். பழத்தின் பெக்டின் என்ற பசைப்பொருளும் புரதமும் அதில் கலந்தே இருக்கும். இரட்டைச் சுருளைக் கண்ணால் பார்த்துவிட்டதாகப் பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னால் அது நம் தவறு. பஞ்சுப் பொதியைத் தூரத்திலிருந்து பார்க்கிறோம், அதன் ஒற்றை இழையைப் பார்க்கவில்லை என்று சொன்னால் அவர்களுக்குப் புரிகிறது. சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் ஃப்ரெடரிக் மீஷர் 1869-இல் ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில், அறுவை மருத்துவமனையிலிருந்து பெற்ற சீழ் படிந்த கட்டுத் துணிகளிலிருந்து இதே பொருளை முதன்முதலாகப் பிரித்தெடுத்து அதற்கு 'நியூக்ளீன்' என்று பெயரிட்டார் என்ற செய்தியையும் இந்த இடத்தில் சொல்வோம். பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டே இன்னும் ஓர் அடி முன்னால் வருவார்கள்.

இத்தனைக்கும் பிறகு, அதே பிள்ளைகள் தாமாகவே அந்த இரட்டைச் சுருள் மாதிரியிடம் திரும்பிப் போய்ப் பொத்தானை அழுத்தியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மாதிரியில் குறை இல்லை. கையில் ஒன்றும் கிடைக்காத நிலையில் அதை முதலில் காட்டியதே குறை. அடுத்த முறை அருங்காட்சியகத்துக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்னதாக இந்தச் சோதனையை வகுப்பில் செய்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. உயிரித் தொழில்நுட்பம் என்றால் என்ன என்று கேட்கிறான். அருங்காட்சியகம் எங்கள் ஊரிலிருந்து வெகுதூரம். வீட்டில் எங்கிருந்து தொடங்குவது?
— ஓர் இல்லத்தரசி, அம்பாசமுத்திரம்

பதில்: அம்மா, உயிர்களிடம் வேலை வாங்கி நமக்கு வேண்டியதைச் செய்துகொள்வதே உயிரித் தொழில்நுட்பம். உங்கள் சமையலறையில் அது நாள்தோறும் நடந்துகொண்டிருக்கிறது. இன்று இரவு இட்லிக்கு மாவு கரைத்ததும் அதில் கொஞ்சத்தை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதியளவு ஊற்றி, மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு மகனிடம் கொடுங்கள். இன்னொரு பாட்டிலைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காலையில் எழுந்ததும் இரண்டிலும் மாவு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அளவுகோலால் அளந்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். மாவில் பெருகும் லூக்கோனாஸ்டாக் முதலிய பாக்டீரியாக்கள் அதிலுள்ள சர்க்கரையை உண்டு கார்பன் டை ஆக்சைடு வாயுவையும் அமிலத்தையும் வெளிவிடுகின்றன. வாயு மாவைப் பொங்கவைக்கிறது, அமிலம் புளிப்பைத் தருகிறது. பாட்டிலின் பக்கவாட்டில் தெரியும் குமிழிகளைக் கைக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொன்னால், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வேலை செய்ததற்கான தடயம் அவன் கண்ணிலேயே படும்.

தயிரை வைத்து இன்னும் துல்லியமாகச் செய்யலாம். நான்கு டம்ளர்களில் ஒரே அளவு காய்ச்சிய பால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பால் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே உறைமோர் ஊற்ற வேண்டும்; இரண்டாவதில் விரல் பொறுக்கும் சூட்டில் ஊற்ற வேண்டும்; மூன்றாவதை உறைமோர் ஊற்றிய உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும்; நான்காவதில் உறைமோரே ஊற்றக்கூடாது. எது உறையும் என்று முன்னதாகவே மகனை எழுதி வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் தன் கணிப்பு எங்கே பலித்தது, எங்கே பொய்த்தது என்று பார்ப்பதில்தான் அவனுக்கு அறிவியல் பிடிபடும். கொதிக்கும் பாலில் பாக்டீரியாக்கள் மடிந்துவிட்டன, குளிரில் அவை மந்தமாகிவிட்டன, இதமான சூட்டில் பெருகிச் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கிப் பால் புரதத்தைத் திரளவைத்தன என்பதை டம்ளர்களே சொல்லிவிடும். உறை ஊற்றாத டம்ளரை ஏன் வைத்தோம் என்று அவன் கேட்டால், ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும் அல்லவா என்று அவனிடமே திருப்பிக் கேளுங்கள்.

இதுவரை நுண்ணுயிரிக்குத் தெரிந்த வேலையை நாம் வாங்கிக்கொண்டோம். அதற்குத் தெரியாத ஒரு வேலையின் செய்முறையை அதற்குள் வைத்து, அந்த வேலையையும் வாங்கிக்கொள்வது அடுத்த படி. ஒன்பது வயதுக்கு இவ்வளவு விளக்கம் போதும். அடுத்த பதிலில் வரும் இன்சுலின் கதையை அவனுக்குப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளி வளாகத்தில் ஓர் அறையை உயிரித் தொழில்நுட்பக் காட்சிக்கூடமாக மாற்ற விரும்புகிறோம். பெரிய தொடுதிரைகளும் முப்பரிமாணப் படக்காட்சியும் வைக்கலாம் என்று ஆலோசனை கூறுகிறார்கள். தங்கள் கருத்து என்ன? வேறு நாடுகளில் எப்படிச் செய்கிறார்கள்?
— ஒரு பள்ளித் தாளாளர், ஈரோடு மாவட்டம்

பதில்: தொடுதிரைக்குச் செலவிடும் தொகையில் பாதியை, அந்த அறையில் நாள்தோறும் இருக்கப்போகும் ஒரு பயிற்சி பெற்ற ஆளுக்குச் சம்பளமாகக் கொடுங்கள். திரையில் ஓடும் செல்லைப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்ப்பதுபோலத்தான் பார்க்கிறார்கள். உயிருள்ள பொருளுக்குத் தண்ணீர் வேண்டும், சுத்தம் வேண்டும், கவனிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாமல் கூடம் அமைத்தால் ஆறு மாதத்தில் பூசணம் பூத்த பாட்டில்கள்தாம் மிஞ்சும்.

நியூயார்க் மாநிலத்தின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் 1988-இல் தொடங்கிய டி.என்.ஏ. கற்றல் மையம், மரபியலுக்கென்றே அமைந்த முதல் அறிவியல் மையம் என்று பெயர் பெற்றது. பள்ளிப் பிள்ளைகள் அங்கே ஆய்வுக்கூட மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். மியூனிக் நகரின் ஜெர்மன் அருங்காட்சியகத்திலும் பார்வையாளருக்கென ஒரு டி.என்.ஏ. ஆய்வுக்கூடம் அமைத்தார்கள். கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரிலுள்ள 'தி டெக்' அருங்காட்சியகம் பார்வையாளரே பாக்டீரியாவுக்குள் மரபணுவைச் செலுத்திப் பார்க்கும் மேசையை வைத்தது. ஒளிரும் கடல் இழுதுமீனிலிருந்து பச்சை ஒளிர் புரதத்தைப் பிரித்தெடுத்த ஒசாமு ஷிமோமுரா உள்ளிட்ட மூவருக்கு 2008-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் புரதத்துக்கான மரபணுவைப் பெற்ற பாக்டீரியா புறஊதா விளக்கின் கீழ் பச்சையாக ஒளிர்வதைப் பார்க்கும் பிள்ளை அதை மறக்காது. ஆயினும் உங்கள் அறையில் அதைச் செய்ய வேண்டாம் என்பேன். மரபணு மாற்றிய நுண்ணுயிரிகளைக் கையாள்வதற்கு நம் நாட்டில் 1989-ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. அதற்குரிய ஆய்வுக்கூட வசதி பள்ளியில் இருக்காது. அருகில் பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் உயிரித் தொழில்நுட்பத்துக்கென ஒரு கூடம் இருக்கிறது. ஒருமுறை போய்ப் பாருங்கள்.

உங்கள் மாவட்டத்துக்கு நான் முதலில் பரிந்துரைப்பது திசு வளர்ப்பில் உருவாகும் ஜி-9 ரக வாழை. உண்ணும் வாழையில் முளைக்கும் விதை கிடையாது. பக்கக் கன்றைப் பெயர்த்து நட்டால் தாய் மரத்தின் நோயும் கன்றோடு சேர்ந்து வரும். ஆகவே குருத்தின் நுனியிலிருந்து மிகச் சிறிய துணுக்கைச் சுத்தமாக வெட்டியெடுத்து, கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகர் கலந்த ஊட்டக் கூழில் வளர்க்கிறார்கள். திசு வளர்ப்புக் கன்று தயாரிக்கும் ஆய்வுக்கூடம் ஏதேனும் ஒன்றிடம் கேட்டால், வளர்ச்சியின் மூன்று கட்டங்களில் மூடி முத்திரையிட்ட பாட்டில்கள் கிடைக்கக்கூடும்: துணுக்கு மட்டும் உள்ளது, தளிர்கள் கொத்தாகப் பெருகியது, வேர் விட்டது. அவற்றோடு குழித்தட்டில் நிற்கும் ஒரு நாற்றையும், வாசலில் தார் தள்ளிய ஒரு மரத்தையும் வைத்தால் காட்சி முழுமையாகும். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, "இது எங்க தோட்டத்துல இருக்கு" என்று சொல்லிக்கொண்டு பாட்டிலை நெருங்கும். அதன்பின் விளக்குவது அந்தப் பிள்ளையாகவே இருக்கும்.

இரண்டாவது இன்சுலின். ஊசி மருந்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் வைத்திருக்கும் தாத்தாவோ பாட்டியோ இல்லாத தெரு இன்று அரிது. பயன்படுத்தி முடித்த குப்பி ஒன்றை, ஊசி ஏதுமில்லாமல், உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே வையுங்கள். அதன் சீட்டில் 'மனித இன்சுலின்' என்றும், அடைப்புக்குள் 'ஆர்-டி.என்.ஏ.' (மறுசேர்க்கை டி.என்.ஏ.) என்றும் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். நான் விளக்கிய மேசையில் அதை எழுத்துக் கூட்டிப் படித்த ஒரு பையன், "மனுசங்ககிட்டேர்ந்து எடுத்ததா?" என்று பதறிப்போய்க் கேட்டான். அந்தக் கேள்வியிலிருந்தே கதையைத் தொடங்கலாம். டொரன்டோ நகரில் 1921-இல் ஆய்வாளர்கள் பான்டிங்கும் பெஸ்ட்டும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் அதை முதன்முதலாகப் பெற்றுக்கொண்ட நீரிழிவு நோயாளி லெனார்டு தாம்சனுக்கு வயது 14. உங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவனின் வயது. அதன்பின் அறுபது ஆண்டுகள் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையமே மூலப்பொருளாக இருந்தது. கால் கிலோ இன்சுலினுக்கு இரண்டு டன் அளவுக்குக் கணையம் தேவைப்பட்டது. 1978-இல் மனித இன்சுலினுக்கான செய்முறையை ஈ.கோலி பாக்டீரியாவுக்குள் வைத்து அதனைத் தயாரிக்கச் செய்தார்கள். 1982-இல் அது மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குப்பியின் பக்கத்தில் ஒரு தராசை வைத்து, ஒரு தட்டில் கால் கிலோ எடைக்கல்லையும், எதிர்ச்சுவரில் இரண்டு டன் ஏற்றிய ஒரு சிறிய லாரியின் படத்தையும் வையுங்கள். வேறு விளக்கப் பலகை தேவைப்படாது.

மூன்றாவதாக மணி கோக்கும் மேசை. டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளால் ஆகும் மூன்றெழுத்துச் சொற்கள் 64, அவற்றில் பெரும்பாலானவை குறிக்கும், புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்கள் 20. எழுத்துச் சீட்டைப் படித்து, அட்டவணையைப் பார்த்து, அதற்குரிய நிற மணியை நூலில் கோத்துக்கொண்டே போனால் புரதம் உருவாகும். ஓர் எழுத்தை மாற்றிவைத்தால் மணி மாறிவிடுவதைப் பிள்ளையே காணும். இந்தச் சங்கேதத்தை விடுவித்ததற்காக 1968-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் ஹர் கோபிந்த் குரானா. மணி கோக்கும் வேலையைச் செல்லுக்குள் செய்யும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009-இல் பரிசு பெற்றவர்களில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.

கேள்வி: அருங்காட்சியக விளக்கப் பலகைகளில் உள்ள தமிழைப் படித்தால் தமிழாசிரியனான எனக்கே பொருள் விளங்குவதில்லை. கலைச்சொற்கள்தாம் தடையா? ஆங்கிலச் சொற்களையே வைத்துவிடலாமா?
— ஒரு தமிழாசிரியர், கும்பகோணம்

பதில்: ஐயா, தடை கலைச்சொல்லில் இல்லை, வாக்கியத்தில் இருக்கிறது. மரபணு என்ற சொல்லை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடத் தயங்காமல் சொல்கிறது. நான் பார்த்த ஒரு பலகையில் இப்படி எழுதியிருந்தது: "மறுசேர்க்கை டி.என்.ஏ. தொழில்நுட்பத்தின் வாயிலாக ஓம்புயிரி செல்களில் அயல் மரபணுக்கள் செலுத்தப்பட்டு விரும்பத்தக்க புரதங்கள் உற்பத்தி செய்யப்படுகின்றன." இதில் செய்பவரும் இல்லை, பார்ப்பதற்கு ஒரு பொருளும் இல்லை. நாங்கள் அதை எடுத்துவிட்டு இவ்வாறு எழுதினோம்: "இந்தக் குப்பியில் உள்ள மருந்தை ஒரு பாக்டீரியா தயாரித்தது. அதற்கு இன்சுலின் தயாரிக்கத் தெரியாது. மனிதச் செல்லில் உள்ள செய்முறையை அதற்குள் வைத்தார்கள். எப்படி வைத்திருப்பார்கள்? கதவைத் திறந்து பாருங்கள்." கதவுக்குப் பின்னால், வட்டமான ஒரு நூலை வெட்டி இடையில் வேறு நிற நூலை ஒட்டிய மாதிரி இருக்கும், அங்கேதான் 'மறுசேர்க்கை டி.என்.ஏ.' என்ற சொல்லை முதன்முதலாக எழுதினோம். பொருளைக் கண்ட பிறகு வரும் பெயர் பிள்ளையின் நாவில் தங்கிவிடுகிறது. ஒட்டுக்கட்டுதல், பதியன், உறை, நாற்று என்று நம் உழவர்களிடமும் தாய்மார்களிடமும் உள்ள சொற்களையும் தாராளமாகப் பயன்படுத்தலாம். பலகை எழுதும் குழுவில் உங்களைப் போன்ற ஒரு தமிழாசிரியரும் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

கேள்வி: கல்லூரி மாணவியான நான் விடுமுறையில் ஓர் அறிவியல் மையத்தில் வழிகாட்டியாக இருக்கிறேன். டைனோசரைத் திரும்ப உருவாக்க முடியுமா என்று நாள்தோறும் கேட்கிறார்கள். மரபணு மாற்றிய கத்தரிக்காய் விஷமா என்றும் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.
— ஒரு மாணவி, கோயம்புத்தூர்

பதில்: முதல் கேள்விக்கு எண்களே விடை சொல்லும். உயிர் போன பிறகு டி.என்.ஏ. சிதையத் தொடங்கிவிடும். இதுவரை மீட்டெடுத்த மிகப் பழைய டி.என்.ஏ., வடக்கு கிரீன்லாந்தின் உறைமண்ணிலிருந்து கிடைத்ததாக 2022-இல் ஆய்வாளர்கள் அறிவித்தது. அதன் வயது ஏறக்குறைய 20 லட்சம் ஆண்டுகள். டைனோசர்கள் மறைந்ததோ ஏறக்குறைய 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் முதலாவது இரண்டு கிலோமீட்டர் தூரம், இரண்டாவது அறுபத்தாறு கிலோமீட்டர் தூரம். உங்கள் மையத்தின் வாசலிலிருந்து அந்தத் தொலைவில் எந்த ஊர் இருக்கிறது என்று பிள்ளைகளையே கேளுங்கள்.

இரண்டாவது கேள்வியைத் தட்டிக் கழிக்காதீர்கள் என்று உங்களை வேண்டிக்கொள்கிறேன். பல காட்சிக்கூடங்கள் இந்த விவாதத்தை முற்றிலும் விட்டுவிடுகின்றன. வீட்டில் அப்பா பருத்தி விதையைப் பற்றிப் பேசுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, தனக்குத் தெரிந்த ஒன்றை இவர்கள் மறைக்கிறார்கள் என்று தோன்றிவிட்டால் மற்ற எதையும் அது நம்பாது. தெரிந்தவற்றை வரிசையாகச் சொல்லுங்கள். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்பது மண்ணில் வாழும் பாக்டீரியா. அது உருவாக்கும் ஒரு புரதம் சில வகைப் புழுக்களின் காரத்தன்மையுள்ள குடலில் செயல்பட்டு அவற்றைக் கொல்கிறது. மனிதனின் இரைப்பை அமிலத்தன்மை உடையது, அந்தப் புரதம் பற்றிக்கொள்ளும் இடங்களும் நம் குடலில் இல்லை. அந்தப் புரதத்துக்கான மரபணுவைப் பெற்ற பருத்தி 2002-இல் இந்தியாவில் அனுமதி பெற்றது. தொடக்கத்தில் காய்ப்புழுவைக் கட்டுப்படுத்தியது. பின்னாளில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்கு எதிர்ப்புத் திறனை வளர்த்துக்கொண்டது. அதே வகைக் கத்தரிக்கு 2009 அக்டோபரில் ஒப்புதல் குழு இசைவு தந்தது; பல நகரங்களில் மக்களிடம் கருத்துக் கேட்ட பிறகு, 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்திவைத்தது. வங்கதேசத்தில் 2014 முதல் அதைப் பயிரிடுகிறார்கள்.

விதை யாருடைய உரிமை, நாட்டு ரகங்களோடு கலந்துவிட்டால் என்ன ஆகும், நீண்ட காலச் சோதனை போதுமா என்ற கேள்விகள் ஆய்வுக்கூடத்துக்கு உள்ளேயே தீர்ந்துவிடக்கூடியவை அல்ல. நான் செய்தது இதுதான்: பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, ஒருவருக்கு விவசாயி, ஒருவருக்கு விதை ஆராய்ச்சியாளர், ஒருவருக்கு நுகர்வோர், ஒருவருக்குச் சந்தை வியாபாரி என்று சீட்டுக் கொடுத்து, ஊர்க் கூட்டம் போலப் பேசச் சொல்வேன். பேசி முடித்ததும் சீட்டுகளை மாற்றிக்கொள்ள வேண்டும். சற்றுமுன் எதிர்த்தவன் இப்போது ஆதரித்துப் பேச வேண்டும். கூட்டத்தின் முடிவில் என் கருத்தை அவர்கள் கேட்டாலும் சொல்லமாட்டேன், எந்தச் செய்தி சரிபார்க்கத்தக்கது, எது ஒருவரின் அச்சமோ நம்பிக்கையோ என்பதை மட்டும் பிரித்துக் காட்டுவேன்.

கேள்வி: பேரனின் பள்ளியில் விரலைத் தட்டில் ஒற்றிக் கிருமி வளர்த்துக் காட்டுகிறார்கள். ஆபத்து இல்லையா?
— ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர், மதுரை

பதில்: உங்கள் கவலை நியாயமானது. ஊட்டக் கூழ் ஊற்றிய அந்தத் தட்டில் விரலை ஒற்றிய உடனே அதன் மூடியை நாடாவால் சுற்றிலும் ஒட்டிவிட வேண்டும், அதன்பின் எக்காரணத்துக்காகவும் திறக்கக்கூடாது. ஒரு கிருமியாக இருந்தபோது தீங்கில்லாதது, கோடிக்கணக்கில் பெருகிய பிறகு எது என்று நமக்குத் தெரியாத நிலையில் வெளியே வரக்கூடாது. பார்த்து முடித்ததும் அழுத்தக் கலனிலோ பிளீச்சிங் கரைசலிலோ அழித்துவிட வேண்டும். இவற்றை ஆசிரியர் செய்கிறாரா என்று நேரில் போய்க் கேளுங்கள். செய்கிறார் என்றால் தயங்காமல் பேரனை அனுப்புங்கள். கை கழுவுவதற்கு முன்னும் பின்னும் ஒற்றிய இரண்டு தட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்த பிள்ளைக்கு, கை கழுவச் சொல்லி வீட்டில் யாரும் நினைவூட்ட வேண்டியிருக்காது.

கேள்வி: மாமா, நான் ஏழாம் வகுப்பு. அருங்காட்சியகத்தில் வாழைப்பழ டி.என்.ஏ.வை எடுத்து ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். அது எத்தனை நாள் இருக்கும்? வீட்டில் தூக்கிப் போடச் சொல்கிறார்கள்.
— ஒரு மாணவி, நாகர்கோவில்

பதில்: தூக்கிப் போட வேண்டாம் என்று நான் சொன்னதாக அம்மாவிடம் சொல், கண்ணு. குப்பியில் ஆல்கஹால் இழைகள் மூழ்கும் அளவுக்கு இருக்கிறதா என்று முதலில் பார். குறைந்திருந்தால் பெரியவர் ஒருவரைக் கொஞ்சம் ஊற்றித் தரச் சொல். மூடியை இறுக மூடி, அதன்மேல் நாடா சுற்றி, அடுப்புப் பக்கம் போகாத குளிர்ந்த ஓர் இடத்தில், தம்பி தங்கைகளின் கைக்கு எட்டாதபடி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். அசைத்துப் பார்க்கலாம், ஆனால் வேகமாகக் குலுக்காதே. நீண்ட இழைகள் துண்டு துண்டாக அறுந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் எல்லாக் குப்பிக்கும் சீட்டு ஒட்டுவார்கள். நீயும் ஒரு சீட்டில் என்ன பழம், எந்த நாள், யார் எடுத்தது என்ற மூன்றையும் எழுதி ஒட்டிவிடு. அடுத்ததாகப் பப்பாளியில் எடுத்துப் பார்த்து, எதில் அதிகமாக வந்தது என்று எனக்கு எழுது.